மனித உடலில் இரும்பு: உறிஞ்சுதல், கடத்தல், சேமிப்பு

இரும்பு வளர்சிதை மாற்றம் என்பது உணவில் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்சுதல், இரத்தம் அதை உறுப்புகளுக்குக் கடத்துதல், மிகுதியைக் கல்லீரல் முதலிய உறுப்புகள் சேமித்தல், பழைய செல்களில் உள்ள இரும்பை மீட்டு மறுபடியும் பயன்படுத்துதல் ஆகிய செயல்களின் தொகுப்பாகும். வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம்தான். ஏறத்தாழ ஒரு சிறிய ஆணியின் எடைதான். ஆயினும் இந்தச் சிற்றளவு குறைந்தால் மூச்சு வாங்குகிறது, உடல் சோர்கிறது, படிப்பும் வேலையும் பாதிக்கப்படுகின்றன. அளவு மீறினால் கல்லீரலும் இதயமும் கெடுகின்றன.

இரும்பைப் பொறுத்தவரை மனித உடலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சோடியம், பொட்டாசியம் போன்றவை மிகுந்தால் சிறுநீரகம் அவற்றை வெளியேற்றிவிடும். மிகுதியான இரும்பை வெளியேற்ற அப்படி ஓர் உறுப்பு உடலில் இல்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த மெக்கான்ஸ், விட்டோசன் ஆகிய ஆய்வாளர்கள் 1937இல் இதை எடுத்துக்காட்டினர். உள்ளே வந்த இரும்பு எளிதில் வெளியேறாது என்பதால், எவ்வளவு இரும்பு உள்ளே வரலாம் என்பதைக் குடலின் வாயிலிலேயே உடல் முடிவு செய்கிறது. இக்கட்டுரையில் வரும் செய்திகள் பெரும்பாலும் இந்த ஒரு கருத்தை ஒட்டியவையே.

இரும்பு எங்கெங்கே உள்ளது?

உடலின் இரும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் உள்ளது. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கும். தசைகளில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதத்திலும், செல்களின் பல நொதிகளிலும் சிறு பங்கு உள்ளது. எஞ்சியது சேமிப்பு. ஆண்களிடம் சேமிப்பு இரும்பு ஏறத்தாழ 1 கிராம் இருக்கும். மாதவிடாய் வயதிலுள்ள பெண்களிடம் அது பெரும்பாலும் அரை கிராமுக்கும் குறைவு. பலரிடம் சேமிப்பு அறவே இருப்பதில்லை.

இரத்தத்தின் பிளாஸ்மாவில் கடத்தப்படும் நிலையில் உள்ள இரும்பு எந்நேரமும் சுமார் 3 மில்லிகிராம் மட்டுமே. அளவில் சிறியதானாலும், குடல், கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றுக்கிடையே நடக்கும் இரும்புப் போக்குவரத்து முழுவதும் இதன் வழியாகவே நடக்கிறது.

இரும்பின் பயனும் அபாயமும்

இரும்பு அணு இரு நிலைகளில் எளிதாக மாறி மாறி இருக்க வல்லது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த நிலை ஃபெர்ரஸ் எனப்படும். மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலை ஃபெர்ரிக் எனப்படும். எலக்ட்ரானை வாங்குவதும் கொடுப்பதும் இரும்புக்கு எளிது என்பதால்தான், செல்லின் மைட்டோகாண்டிரியாவில் ஆற்றல் உண்டாக்கும் சைட்டோகுரோம் புரதங்களில் அது இடம் பெறுகிறது. டி.என்.ஏ. கட்டுமானத்துக்குத் தேவையான நொதி ஒன்றும் இரும்பைக் கொண்டே இயங்குகிறது. எனவே பெருகி வளரும் ஒவ்வொரு செல்லுக்கும் இரும்பு வேண்டும்.

ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்றில் நான்கு ஹீம் வளையங்கள் உள்ளன. ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஓர் இரும்பு அணு அமர்ந்து, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. அப்படியானால் ஒரே சிவப்பணுவில் நூறு கோடிக்கும் மேற்பட்ட இரும்பு அணுக்கள் உள்ளன என்று கணக்கிடலாம். ஹீமோகுளோபினின் அமைப்பை மாக்ஸ் பெருட்சும், மயோகுளோபினின் அமைப்பை ஜான் கென்ட்ரூவும் கண்டறிந்தனர். இதற்காக இருவருக்கும் 1962ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எலக்ட்ரானை எளிதில் கைமாற்றும் இதே பண்புதான் அபாயத்துக்கும் காரணம். எந்தப் புரதத்துடனும் சேராத ஃபெர்ரஸ் இரும்பு, செல்லில் இயல்பாகத் தோன்றும் ஹைடிரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து ஹைடிராக்சில் தனி உறுப்புகளை உண்டாக்குகிறது. இது ஃபென்டன் வினை எனப்படும். இத்தனி உறுப்புகள் செல் சவ்வையும் புரதங்களையும் டி.என்.ஏ.வையும் சிதைக்கும். மேலும், நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களும் பெருக்கத்துக்கு இரும்பைத் தேடுகின்றன. இவ்விரு காரணங்களாலும் உடல் இரும்பைத் தனித்துத் திரிய விடுவதில்லை. குடலிலிருந்து எலும்பு மஜ்ஜை வரையில் எப்போதும் ஏதேனும் ஒரு புரதத்தின் பிடியிலேயே அதை வைத்திருக்கிறது.

உணவில் உள்ள இரும்பு

உணவில் இரும்பு இரு வடிவங்களில் கிடைக்கிறது.

முதலாவது ஹீம் இரும்பு. இறைச்சி, ஈரல், மீன், கோழி ஆகியவற்றின் ஹீமோகுளோபினிலும் மயோகுளோபினிலும் இருப்பது இது. ஹீம் வளையம் முழுதாகவே குடல் செல்லுக்குள் செல்வதால், உடன் உண்ணும் பிற பொருள்கள் இதை அதிகம் தடுப்பதில்லை. உண்டதில் சுமார் 15 முதல் 35 விழுக்காடு வரை உறிஞ்சப்படும்.

இரண்டாவது ஹீம் அல்லாத இரும்பு. கேழ்வரகு, கம்பு, பயறுகள், கீரைகள், எள், உலர்ந்த பழங்கள் ஆகியவற்றில் இருப்பது முழுவதும் இவ்வகையே. இறைச்சியிலும் ஒரு பகுதி இவ்வகையாக இருக்கும். இது உறிஞ்சப்படும் விகிதம் 2 முதல் 20 விழுக்காடு வரை வேறுபடும். உடலின் தேவை, உடன் உண்ணும் உணவு ஆகிய இரண்டும் இதை முடிவு செய்கின்றன.

ஆகவே ஓர் உணவில் எத்தனை மில்லிகிராம் இரும்பு உள்ளது என்று அறிவது மட்டும் போதாது. ஒருவரின் ஒருநாள் சைவ உணவில் 15 மில்லிகிராம் இரும்பு இருப்பதாகக் கொள்வோம். அதில் 8 விழுக்காடு உறிஞ்சப்பட்டால் உடலுக்குச் சேருவது 1.2 மில்லிகிராம். 4 விழுக்காடு மட்டும் உறிஞ்சப்பட்டால் 0.6 மில்லிகிராம். தட்டில் இருப்பது ஒன்றாகவே இருந்தாலும் உடலுக்குக் கிடைப்பது பாதியாகிவிடுகிறது.

உறிஞ்சுதல்

இரும்பு பெரும்பாலும் இரைப்பையை அடுத்துள்ள முன்சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. ஹீம் அல்லாத இரும்பு உறிஞ்சப்படும் முறையைப் பின்வரும் படிகளாகப் புரிந்துகொள்ளலாம்.

1. இரைப்பை அமிலம் உணவிலுள்ள இரும்பைக் கரைத்து வைக்கிறது. நெடுங்காலம் அமிலத்தைக் குறைக்கும் மருந்து உண்பவர்களுக்கும், இரைப்பையின் ஒரு பகுதியை அறுவை செய்து நீக்கியவர்களுக்கும் இப்படி தடைபடுகிறது.

2. கரைந்த இரும்பு பெரும்பாலும் ஃபெர்ரிக் நிலையில் இருக்கும். குடல் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஒடுக்க நொதியும் வைட்டமின் சி போன்ற பொருள்களும் அதை ஃபெர்ரஸ் நிலைக்கு மாற்றுகின்றன.

3. டி.எம்.டி.1 என்ற கடத்திப் புரதம் ஃபெர்ரஸ் இரும்பைக் குடல் செல்லுக்குள் கொண்டு வருகிறது.

4. உள்ளே வந்த இரும்புக்கு இரண்டு வழிகள் உண்டு. உடலுக்கு உடனடித் தேவை இல்லையெனில் அது ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் அடைக்கப்பட்டு அந்தச் செல்லிலேயே தங்கிவிடும். தேவை இருந்தால், செல்லின் மறுபக்கத்திலுள்ள ஃபெரோபோர்டின் என்ற புரதத்தின் வழியாக இரத்தத்தை நோக்கி வெளியேறும்.

5. வெளியேறும்போது ஹெஃபெஸ்டின் என்ற நொதி அதை மறுபடியும் ஃபெர்ரிக் நிலைக்கு மாற்றுகிறது. இந்த நொதி தாமிரத்தைக் கொண்டது. ஆகையால் கடுமையான தாமிரக் குறைபாட்டிலும் இரத்தசோகை வரக்கூடும்.

குடலின் உட்பரப்புச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாள்கள் வரையே வாழ்கின்றன. பின்னர் உதிர்ந்து மலத்துடன் வெளியேறுகின்றன. நான்காம் படியில் ஃபெரிட்டினுக்குள் அடைபட்ட இரும்பும் அவற்றோடு போய்விடும். அதாவது குடல் செல் இரும்பை உள்ளே வாங்கிவிட்டாலும் அது இன்னும் உடலுக்குச் சொந்தமாகவில்லை. ஃபெரோபோர்டின் வாயிலைத் தாண்டிய பிறகே அது உடலின் கணக்கில் சேருகிறது.

உறிஞ்சுதலுக்குத் துணைபுரிபவை: நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, தக்காளி போன்ற வைட்டமின் சி நிறைந்த உணவுகள், இறைச்சியும் மீனும், ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகிய சமையல் முறைகள். தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பற்றிக்கொள்ளும். முளைகட்டும்போதும் மாவு புளிக்கும்போதும் அதில் ஒரு பகுதி சிதைவதால் இரும்பு விடுபடுகிறது. வைட்டமின் சி வெப்பத்தில் அழியக்கூடியது. எனவே எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பின் பிழிவது நல்லது.

தடை செய்பவை: தேநீர், காப்பி ஆகியவற்றிலுள்ள பாலிஃபீனால்கள், தானியங்களின் ஃபைட்டேட், பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றிலுள்ள கால்சியம். தேநீரை உணவோடு சேர்த்துக் குடிப்பதற்கும் ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பதற்கும் இரும்பைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு உண்டு. செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றங்களில் இதுவும் ஒன்று.

கடத்துதல்

இரத்தத்தை அடைந்த இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் ஏற்றுக்கொள்கிறது. இது கல்லீரலில் உருவாகிறது. ஒரு டிரான்ஸ்ஃபெரின் மூலக்கூறு இரண்டு ஃபெர்ரிக் இரும்பு அணுக்களைச் சுமக்கும். 1947இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஹோல்ம்பெர்க், லாரல் ஆகியோர் இதற்கு இப்பெயரை இட்டனர்.

இயல்பான நிலையில் டிரான்ஸ்ஃபெரினின் இருக்கைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே நிரம்பியிருக்கும். எஞ்சியவை காலியாகவே இருக்கும். எப்போதாவது கூடுதல் இரும்பு இரத்தத்தில் சேர்ந்தால் அதை உடனே பிடித்துக்கொள்ள இந்தக் காலி இடங்கள் உதவுகின்றன. இரும்புக்குறைபாட்டில் நிரம்பிய விகிதம் 15 அல்லது 16 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். இரும்பு மிகுந்த நோய்களில் ஏறத்தாழ முழுவதும் நிரம்பிவிடும். அப்போது டிரான்ஸ்ஃபெரினுடன் சேராத இரும்பு பிளாஸ்மாவில் தோன்றி, கல்லீரல், இதயம், நாளமில்லாச் சுரப்பிகள் ஆகியவற்றில் நுழைந்து சேதம் விளைவிக்கும்.

இரும்பு தேவைப்படும் செல், தன் மேற்பரப்பில் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பிகளை நிறுத்துகிறது. இரும்பு சுமந்த டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியுடன் இணைந்ததும், செல் சவ்வு உட்குழிந்து இரண்டையும் ஒரு சிறு பையாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. பையின் உட்புறம் அமிலத்தன்மை அடைந்ததும் டிரான்ஸ்ஃபெரின் தன் பிடியைத் தளர்த்துகிறது. விடுபட்ட இரும்பு ஃபெர்ரஸ் நிலைக்கு மாறி, செல்லின் உட்பகுதிக்குச் செல்கிறது. வெறுமையான டிரான்ஸ்ஃபெரினும் ஏற்பியும் மீண்டும் மேற்பரப்புக்கு வருகின்றன. டிரான்ஸ்ஃபெரின் அங்கிருந்து விடுபட்டு அடுத்த சுமையைத் தேடிச் செல்கிறது. எலும்பு மஜ்ஜையில் வளரும் இளம் சிவப்பணுக்களே இவ்வகையில் மிகுதியான இரும்பைப் பெறுகின்றன.

சேமிப்பு

உடலின் முதன்மையான சேமிப்புப் புரதம் ஃபெரிட்டின். செக் நாட்டு ஆய்வாளர் விலெம் லாஃபெர்கர் 1937இல் குதிரையின் மண்ணீரலிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். 24 துணை அலகுகள் கூடி அமைந்த உள்ளீடற்ற கோளம் இது. உள்ளே சுமார் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். நுழையும் ஃபெர்ரஸ் இரும்பை ஃபெர்ரிக் நிலைக்கு மாற்றி, தீங்கு செய்யாத தாது வடிவில் வைத்துக்கொள்கிறது. தேவை ஏற்படும்போது ஃபெரிட்டின் சிதைக்கப்பட்டு இரும்பு விடுவிக்கப்படுகிறது.

கல்லீரல் செல்கள், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, இவற்றிலுள்ள பெருவிழுங்கி செல்கள் ஆகியவை முதன்மைச் சேமிப்பிடங்கள். சேமிப்பு மிகும்போது ஃபெரிட்டின் ஒன்று திரண்டு ஹீமோசிடரின் என்ற கரையாத பொருளாக மாறுகிறது. அதிலிருந்து இரும்பை மீட்பது மெதுவாகவே நடக்கும்.

ஃபெரிட்டினில் மிகச் சிறு அளவு இரத்தத்திலும் காணப்படும். உடலில் சேமிப்பு எவ்வளவு உள்ளது என்பதை இது காட்டுவதால், இரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டினை அளக்கிறார்கள். நலமாக உள்ள வளர்ந்தோரிடம் அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. ஆனால் காய்ச்சல், தொற்று, கல்லீரல் நோய் ஆகியவற்றின்போது சேமிப்பு இல்லாமலேயே இந்த எண் உயரக்கூடும். எனவே உடல்நலம் குன்றியிருக்கும்போது எடுத்த ஃபெரிட்டின் அளவை மட்டும் கொண்டு முடிவுக்கு வரக்கூடாது.

மறுசுழற்சி

ஒவ்வொரு நாளும் புதிய சிவப்பணுக்களை உருவாக்க 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவை. உணவிலிருந்து நாள்தோறும் உறிஞ்சப்படுவதோ 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. எஞ்சிய தேவை முழுவதும் மறுசுழற்சியால் நிறைவேறுகிறது.

சிவப்பணுவின் வாழ்நாள் சுமார் 120 நாள்கள். முதிர்ந்த சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள பெருவிழுங்கிகள் விழுங்கிச் செரிக்கின்றன. ஹீம் வளையத்தை ஒரு நொதி உடைக்கும்போது இரும்பும், பிலிவெர்டின் என்ற பச்சை நிறமியும், மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடும் கிடைக்கின்றன. பிலிவெர்டின் பிறகு மஞ்சள் நிறமான பிலிரூபினாக மாறிப் பித்தநீரில் சேருகிறது. இரும்பு, ஃபெரோபோர்டின் வழியாக வெளியேறி மறுபடியும் டிரான்ஸ்ஃபெரினில் ஏறி எலும்பு மஜ்ஜைக்குச் செல்கிறது. பிளாஸ்மாவில் இருக்கும் 3 மில்லிகிராம் இரும்பு ஒரே நாளில் பலமுறை கைமாறுவதால்தான் 25 மில்லிகிராம் வரை மஜ்ஜைக்குக் கொண்டுபோக முடிகிறது.

ஹெப்சிடின்: இரும்பின் கட்டுப்பாட்டாளர்

எவ்வளவு இரும்பை உள்ளே விடுவது என்பதைக் கல்லீரல் ஒரு ஹார்மோன் மூலம் முடிவு செய்கிறது. அதன் பெயர் ஹெப்சிடின். 25 அமினோ அமிலங்களால் ஆன சிறிய மூலக்கூறு இது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் ஜெர்மனி, அமெரிக்க ஆய்வுக்குழுக்கள் கிருமிகளைக் கொல்லும் பொருள்களைத் தேடியபோது இதைக் கண்டெடுத்தன. ஹெப்சிடின் இல்லாத எலிகளின் உடலில் இரும்பு மிதமிஞ்சிச் சேர்வதை 2001இல் பிரெஞ்சுக் குழு ஒன்று கண்டறிந்த பிறகே அதன் உண்மையான பணி விளங்கியது.

ஹெப்சிடின் செயல்படும் முறை எளிது. அது ஃபெரோபோர்டினுடன் இணைந்து, அந்த வாயிலையே செல்லுக்குள் இழுத்துச் சிதைக்கச் செய்கிறது. வாயில் குறைந்தால் குடல் செல்லில் உள்ள இரும்பும் பெருவிழுங்கியில் உள்ள இரும்பும் வெளியேற முடியாது.

- உடலில் இரும்பு மிகுந்தால் ஹெப்சிடின் கூடும், உறிஞ்சுதல் குறையும்.
- இரும்பு குறைந்தால் ஹெப்சிடின் குறையும், உறிஞ்சுதல் கூடும்.
- இரத்தம் இழந்து சிவப்பணு உற்பத்தி விரைவுபட்டால், இளம் சிவப்பணுக்கள் சுரக்கும் எரித்ரோஃபெரோன் என்ற பொருள் ஹெப்சிடினைக் குறைக்கும்.
- தொற்று, அழற்சி ஆகியவற்றின்போது ஹெப்சிடின் கூடும்.

கடைசியாகச் சொன்னது கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காமல் செய்யும் தற்காப்பு. ஆனால் காசநோய், மூட்டுவாதம், நாள்பட்ட சிறுநீரக நோய் போன்றவற்றில் அழற்சி மாதக்கணக்கில் நீடிப்பதால், சேமிப்பில் இரும்பு இருந்தும் மஜ்ஜைக்குக் கிடைக்காமல் போகிறது. இது அழற்சிவழி இரத்தசோகை எனப்படும். இதற்கு மூல நோயைக் குணப்படுத்துவதே முதன்மையான மருத்துவம்.

இழப்பும் தேவையும்

தோல், குடல் செல்கள் உதிர்வதாலும் வியர்வை முதலியவற்றாலும் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிகிராம் இரும்பு இழப்பாகிறது. இதைத் தடுக்கவோ கூட்டவோ உடலால் இயலாது. இதற்கு மேற்பட்ட இழப்புகள் பெரும்பாலும் இரத்த இழப்பினால் வருபவை. நலமுள்ளவரின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உள்ளது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் பல செய்திகள் தாமே விளங்கும்.

மாதவிடாய்: ஒரு சுற்றில் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறினால் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு போகிறது. 80 மில்லிலிட்டருக்கு மேல் போகிறவர்களுக்கு இழப்பு இருமடங்காகும். அந்த இழப்பை உணவால் மட்டும் ஈடுசெய்வது கடினம்.

கருவுறுதல்: கருவுக்கும் நச்சுக்கொடிக்கும் சுமார் 300 மில்லிகிராம், தாயின் சிவப்பணுப் பெருக்கத்துக்குச் சுமார் 500 மில்லிகிராம், இயல்பான இழப்புக்கு 200 மில்லிகிராம் என மொத்தம் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் தேவைப்படுகிறது. சேமிப்பே இல்லாமல் கருவுறும் பெண்ணுக்கு இது பெருஞ்சுமை. குழந்தை தன் முதல் மாதங்களுக்கான சேமிப்பைக் கருவின் கடைசி மூன்று மாதங்களில்தான் பெறுகிறது. ஆகவே குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இரும்புக்குறைபாடு விரைவில் வருகிறது. பிறந்தவுடன் தொப்புள்கொடியை அவசரமாக வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டினால் கூடுதல் இரத்தம் குழந்தைக்குச் சேரும். உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைக்கிறது.

இரத்ததானம்: 350 மில்லிலிட்டர் கொடுத்தால் ஏறத்தாழ 165 மில்லிகிராம் இரும்பு குறையும். நாள்தோறும் வழக்கத்தைவிட 2 மில்லிகிராம் கூடுதலாக உறிஞ்சினாலும் அதை ஈடுசெய்ய 80 நாள்களுக்கு மேலாகும். இந்தியாவில் ஆண்கள் 90 நாள்களும் பெண்கள் 120 நாள்களும் இடைவெளி விட்டே மறுமுறை இரத்தம் கொடுக்கலாம் என்ற விதியின் பொருத்தத்தை இக்கணக்கிலிருந்து உணரலாம்.

கொக்கிப்புழு: செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடக்கும்போது தோல் வழியே நுழைந்து, சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் புழு இது. நெக்கேட்டர் வகைப் புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்த இழப்பை உண்டாக்கும். நூறு புழுக்கள் இருந்தால் 3 மில்லிலிட்டர் ஆகும். குடலில் ஒழுகும் இரும்பில் ஒரு பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டாலும், ஒரு நாளில் உணவு தரும் இரும்பு பெரும்பாலும் இதற்கே போய்விடும். பள்ளிகளில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களை ஒட்டி அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் இரும்பு உணவில் இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. குறைந்த உறிஞ்சுதல் விகிதத்தைக் கருதியும், பெரும்பான்மையோரின் தேவை நிறைவேறவும் இவ்வெண்கள் கூட்டி வகுக்கப்பட்டுள்ளன.

இரும்புக்குறைபாடு

குறைபாடு மூன்று நிலைகளில் வருகிறது. முதலில் சேமிப்பு குறைகிறது, ஃபெரிட்டின் இறங்குகிறது. அடுத்து, டிரான்ஸ்ஃபெரினில் ஏறும் இரும்பு குறைந்து மஜ்ஜைக்குப் பற்றாக்குறை ஏற்படுகிறது. கடைசியாகவே ஹீமோகுளோபின் இறங்கி, சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறுகின்றன. எனவே ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதாலேயே இரும்பு போதுமானது என்று பொருளில்லை.

ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும், கருவுற்ற பெண்களுக்கு 11 கிராமுக்கும் கீழ் இருந்தால் அது இரத்தசோகை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுடைய பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. இவை அனைத்துக்கும் இரும்புக்குறைபாடே காரணம் அன்று. ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றின் குறைபாடு, தொற்று, தலசீமியா ஆகியவையும் காரணங்களாகும். ஆயினும் இரும்புக்குறைபாடு அவற்றுள் முதன்மையானது.

சோர்வு, படியேறும்போது மூச்சு வாங்குதல், தலைசுற்றல், படபடப்பு, வெளிறிய உள்ளிமை, கவனக்குறைவு ஆகியன அறிகுறிகள். மண், சாம்பல், பச்சரிசி, பனிக்கட்டி போன்றவற்றைத் தின்னும் விருப்பமும் சிலரிடம் தோன்றும். மெதுவாக வரும் குறைபாட்டுக்கு உடல் பழகிப்போவதால், பாதிக்கப்பட்டவருக்கே நோய் தெரிவதில்லை. வகுப்பில் கண்ணயரும் மாணவியையும், விளையாட்டு வேளையில் ஒதுங்கி உட்காரும் மாணவியையும் சோம்பேறி என்று கடிந்துகொள்வதற்கு முன், ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிய கடமை. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக்குறைபாடு வந்தால், குடலில் புண்ணோ புற்றோ இருந்து இரத்தம் கசிகிறதா என்று மருத்துவர் ஆராய வேண்டியிருக்கும்.

இரும்பு மாத்திரை

குறைபாடு உறுதியான பின் உணவு மட்டும் அதைச் சரிசெய்யப் போதாது, மாத்திரை தேவை. அரசுத் திட்டங்களின் கீழ் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு முறையும், கருவுற்ற பெண்களுக்கு நாள்தோறும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை இலவசமாக வழங்கப்படுகிறது. மாத்திரையைத் தேநீர், காப்பி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுடன் சேர்த்து உண்ணக் கூடாது. எலுமிச்சைச் சாறு போன்றவற்றுடன் உண்ணலாம். மலம் கறுப்பாகப் போவது இயல்பே; உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது. குமட்டல், வயிற்று வலி, மலச்சிக்கல் வந்தால் மாத்திரையை எறிந்துவிடாமல், உணவுக்குப் பின் உண்பது குறித்தோ வேறு மருந்து குறித்தோ மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஒரு மாத்திரை உண்டதும் ஹெப்சிடின் ஏறத்தாழ ஒரு நாள் வரை உயர்ந்து அடுத்த மாத்திரையின் உறிஞ்சுதலைக் குறைப்பது ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது. அதனால் சிலருக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் உண்ணும்படி மருத்துவர்கள் கூறுகின்றனர்.

ஹீமோகுளோபின் சில வாரங்களில் உயரத் தொடங்கும். இயல்பு நிலையை அடைந்தவுடன் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்போது சேமிப்பு இன்னும் நிரம்பியிருக்காது. மேலும் சுமார் மூன்று மாதங்கள் உண்டால்தான் அது நிரம்பும்.

இம்மாத்திரைகளைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மிட்டாய் என்று எண்ணிப் பல மாத்திரைகளை விழுங்கிய குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து நேரலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இரும்பு மிகைநிலை

பரம்பரை ஹீமோகுரோமட்டோசிஸ் என்ற நோயில், மரபணு மாற்றத்தால் ஹெப்சிடின் போதிய அளவு சுரப்பதில்லை. வாயில் எப்போதும் திறந்தே இருப்பதால் இரும்பு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கல்லீரல், கணையம், இதயம், மூட்டுகள் ஆகியவற்றைப் பாதிக்கிறது. வட ஐரோப்பிய வழியினரிடையே இது மிகுதி. இதற்குக் காரணமான எச்.எஃப்.இ. மரபணு 1996இல் கண்டறியப்பட்டது. உடலிலிருந்து குறித்த இடைவெளியில் இரத்தத்தை எடுத்துவிடுவதே மருத்துவம்.

நம் நாட்டில் மிகைநிலைக்கு முதன்மைக் காரணம் தலசீமியா. கடுமையான தலசீமியா உள்ள குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியுள்ளது. ஓர் அலகு இரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உண்டு. அதை வெளியேற்ற உடலுக்கு வழி இல்லாததால், டெஃபெராக்சமின், டெஃபெரிப்ரோன், டெஃபெராசிராக்ஸ் போன்ற இரும்பைப் பற்றி வெளியேற்றும் மருந்துகளைத் தவறாமல் கொடுக்க வேண்டும். தலசீமியாப் பண்பு உடையவர்களுக்கும் சிவப்பணுக்கள் சிறுத்தே இருக்கும். அதை இரும்புக்குறைபாடு என்று கருதி, பரிசோதிக்காமல் நெடுங்காலம் இரும்பு மருந்து உண்பது தவறு.

பொதுவான ஐயங்கள்

பீட்ரூட் இரத்தத்தை ஊறச் செய்யுமா? பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணம் பீட்டாலெய்ன் என்ற நிறமி. அதற்கும் ஹீமோகுளோபினுக்கும் தொடர்பில்லை. பீட்ரூட்டில் இரும்பு குறைவாகவே உள்ளது.

பேரீச்சம்பழமும் வெல்லமும் போதுமா? இவற்றில் ஓரளவு இரும்பு உண்டு. ஆனால் ஒரு நாளில் உண்ணும் சிறு அளவு குறைபாட்டைத் தீர்க்காது. சர்க்கரையும் மிகுதி.

இரும்புச் சட்டியில் சமைத்தால் பயன் உண்டா? உண்டு. குறிப்பாகப் புளி, தக்காளி சேர்ந்த குழம்புகளில் சட்டியின் இரும்பு சிறிது கரைந்து உணவில் சேரும்.

கீரை உண்டால் போதுமா? கீரையில் இரும்பு இருந்தாலும் அதன் உறிஞ்சுதல் குறைவு. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து உண்டு, உணவு வேளையில் தேநீரைத் தவிர்த்தால் பயன் கூடும். பயறு, சிறுதானியம் ஆகியவற்றையும், உண்பவர்கள் மீனையும் முட்டையையும் இறைச்சியையும் சேர்த்துக்கொள்வது நல்லது. இரத்தசோகை இருப்பதாகத் தோன்றினால் உணவை மாற்றிப் பார்த்துக் காத்திருக்காமல் ஹீமோகுளோபினைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.